மகன் லெப்டினன்ட் ஆகப்போகிறான். ரெஜிமென்ட் கோயிலுக்குள் போய்த்தான் ஆகவேண்டுமா?

வந்த கடிதம், சுருக்கமாக: கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த குடும்பம். 23 வயது மகன் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் கடைசிப் பருவத்தில் இருக்கிறான். எந்தப் பிரிவுக்குப் போக விருப்பம் என்று எழுதிக் கொடுக்கும் நேரம் நெருங்குகிறது. 2025 நவம்பரில் ஒரு கிறிஸ்தவ ராணுவ அதிகாரியின் பதவி நீக்கத்தில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்த செய்தியைப் படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. "எந்தக் கோயிலுக்குள்ளும் போகமாட்டேன் என்று கமிஷனுக்கு (அதிகாரி நியமனத்துக்கு) முன்பே எழுதிக் கொடுத்துவிடட்டும், அரசியல் சாசனம் காப்பாற்றும்" என்கிறார் போதகர். ஹவில்தாராக ஓய்வுபெற்ற தாய்மாமன், "பேசாமல் போய் நின்றுவிட்டு வரட்டும்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பையனோ, "இங்கே என்றால் அரசாங்கத்திடமிருந்து நஷ்டஈடே வாங்கிவிடலாம்" என்கிறான். யார் சொல்வது சரி, இப்போது என்ன செய்வது என்பது தாயின் கேள்வி.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மையும் நிறையத் தவறும் கலந்திருக்கின்றன. உங்களைத் தூங்கவிடாத அந்தச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். பத்திரிகைத் தலைப்பில் வராத விவரங்களில்தான் உங்கள் மகனுக்கு வேண்டியது இருக்கிறது.

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் 2017 மார்ச்சில் கமிஷன் பெற்று 3-வது கேவல்ரி ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அது சீக்கியர், ஜாட், ராஜ்புத் வீரர்களைக் கொண்ட கவச வாகனப் படை. அவர் பொறுப்பில் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். அங்கே மந்திரும் குருத்வாராவும் இருந்தன; எல்லா மதத்துக்கும் பொதுவான 'சர்வ தர்ம ஸ்தல்' இல்லை என்பது அவர் வாதம். வாரந்தோறும் நடக்கும் மத பரேடுக்குத் தன் வீரர்களோடு போகிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு வளாகத்தில் நிற்கிறேன், பூஜையும் ஆரத்தியும் நடக்கும்போது கருவறைக்குள் வருவதிலிருந்து மட்டும் விலக்குக் கொடுங்கள் என்பதே அவர் கேட்டது. மேலதிகாரிகள் பலமுறை பேசிப் பார்த்தார்கள். உள்ளே போவதால் விசுவாசத்துக்குப் பங்கம் இல்லை என்று ஒரு போதகரையே சொல்லவும் வைத்தார்கள். அவர் இணங்கவில்லை. 2021 மார்ச்சில் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) இல்லாமலே, ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாமல் பணி முடிக்கப்பட்டது. 2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தன.

பாதி வழி வந்தவருக்கே இந்த முடிவு என்பதைக் கவனியுங்கள். அவர் வாசலிலேயே நின்று முரண்டு பிடித்தவர் அல்ல. "நான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தேனே" என்ற வாதம் அங்கே அவருக்குக் கைகொடுக்கவில்லை. இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளையை மீறியது பற்றிய கேள்வி என்று உயர் நீதிமன்றம் பார்த்தது. வழக்கைப் பார்க்கும் கோணம் அப்படி மாறியவுடன் முடிவும் தீர்மானமாகிவிட்டது.

உச்ச நீதிமன்ற விசாரணையில் நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்ன கடுமையான வார்த்தைகள் உங்களை மிகவும் புண்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். விசாரணையின்போது சொல்லப்படுபவை சட்டம் ஆகாது. சிறப்பு அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்வதால், உயர் நீதிமன்றத் தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் உச்ச நீதிமன்றத்தின் வரியாகிவிடுவதும் இல்லை. ஆனாலும் நாளை உங்கள் மகனின் கமாண்டிங் ஆபீசர் மேசையில் இருக்கப்போவது அந்தத் தீர்ப்புதான்.

போதகர் சொல்லும் 25-வது பிரிவு

அரசியல் சாசனத்தில் மதச் சுதந்திரம் தரும் 25-வது பிரிவு ராணுவத்தினருக்கும் உண்டு. ஆனால் படையினருக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு 33-வது பிரிவு அதிகாரம் தருகிறது. போதகருக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரத்தின்படி எழுதப்பட்ட ராணுவச் சட்டம் 1950-ன் 21-வது பிரிவு, சங்கம் சேர்வது, கூட்டம் ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொள்வது, பத்திரிகையோடு தொடர்புகொள்வது ஆகியவற்றைத்தான் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மதம் இல்லை. இது நல்ல வாதம். ஆனால் கட்டளை மீறல் என்று வழக்கு உருமாறிவிட்டால் இந்த வாதத்துக்குக் கால் பதிக்க இடமில்லை. 41-வது பிரிவின்படி, மேலதிகாரி நேரில் இட்ட சட்டபூர்வமான கட்டளையை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டுகள் வரை சிறை. சாதாரணமாக மீறினாலும், போர்ப்பணியில் இல்லாத நேரத்தில் 5 ஆண்டுகள் வரை. நடைமுறையில் இந்த வகை விவகாரங்களைச் சிறை வரை கொண்டுபோவதில்லை, வேலையோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவின் நிழல் எப்போதும் இருக்கும்.

போதகர் சுட்டிக்காட்டும் தேசிய கீத வழக்கு 1986-ல் முடிந்தது. யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பாடியே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்பது அவர்கள் ஜெயித்ததற்கு முக்கியமான காரணம். பள்ளிக்கூடத்தில் இல்லாத அந்தச் சட்டம் பாசறையில் கட்டளை என்ற உருவில் இருக்கிறது. போதகரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் தவறான வழக்கைச் சொல்லவில்லை, அது செல்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. கோயில்களிலிருந்து தள்ளி நிற்கும் அரசு என்ற கற்பனையோடு இந்திய ராணுவத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மதத்தையும் தொடாத சுவரை நம் அரசு கட்டவில்லை. எல்லா மதத்தையும் ஒரே கூரையின் கீழ் அழைத்துக்கொண்டது. பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எல்லோரையும் ஜே.சி.ஓ. (ஹவில்தாருக்கு மேலான இளநிலை அதிகாரி) தகுதியில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. வீரர்களின் மதமே அதிகாரியின் மதம் என்பது ரெஜிமென்ட் மரபு. ராஜ்புத் ரெஜிமென்ட் 'போல் பஜ்ரங்பலி கி ஜெய்' என்று முழங்கித் தாக்கும். சீக்கியப் படை 'ஜோ போலே ஸோ நிஹால்' என்னும். (நம் மதராஸ் ரெஜிமென்ட்டின் 'வீர மதராசி, அடி கொல்லு'வில் சாமி பெயரே இல்லை என்பது வேறு விஷயம்.) இந்த முழக்கங்கள் மத வாசனை அடித்தாலும் வீரர்களுக்கு ஊக்கம் தரவே இருக்கின்றன என்றது உயர் நீதிமன்றம்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. வீரர்களோடு போய் நிற்பது அதிகாரியின் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'உள்ளே வா' என்ற கட்டளை செல்லும் என்பதால் 'ஆரத்தித் தட்டை ஏந்து' என்ற கட்டளையும் தானாகச் செல்லும் என்று ஆகிவிடாது. அந்த இடைவெளியில் நாளை யாராவது வாதாடத்தான் போகிறார்கள். அது உங்கள் மகனாக இருக்கவேண்டுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.

அமெரிக்க உறவினர் சொல்வது

அங்கே அரசுக்கும் மதத்துக்கும் இடையே சுவர் இருப்பது உண்மை. ராணுவக் கல்லூரி மாணவர்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டாயப்படுத்தியது 1972-ல் ஆண்டர்சன் வழக்கில் செல்லாது என்று ஆனது. ஆனால் நஷ்டஈடு விஷயத்தில் தம்பிக்குத் தவறான தகவல் போயிருக்கிறது. பணி சார்ந்த பாதிப்புக்காகப் படைவீரர் அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1950-லும், மேலதிகாரி மீது அரசியல் சாசன மீறலுக்காக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று 1983-லும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. யூதத் தொப்பி அணிய அனுமதி கேட்ட விமானப்படை மருத்துவ உளவியலாளர் கோல்ட்மன் 1986-ல் தோற்றார். மறு ஆண்டே அவர்களுடைய நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் போட்டது. நீதிமன்றம் கைவிட்டதைச் சட்டம் இயற்றுபவர்கள் சரிசெய்தார்கள். இங்கேயும் விலக்குக்கு எழுத்தில் ஒரு விதி வரவேண்டிய இடம் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: விருப்பப் பட்டியல்

முன்கூட்டி மறுப்புக் கடிதம் கொடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். இன்னும் யாரும் இடாத கட்டளைக்கு மறுப்பு எழுதிக் கொடுத்தால், நாளை 'தொடக்கத்திலிருந்தே மீறும் எண்ணத்தோடு வந்தவர்' என்பதற்கான முதல் சாட்சியம் அந்தக் கடிதமே ஆகிவிடும்.

அதற்குப் பதில், விருப்பப் பட்டியலை யோசித்து நிரப்பச் சொல்லுங்கள். சிப்பாய்களை ஒரே இனம் அல்லது ஒரே மதத்திலிருந்து எடுக்கும் காலாட்படை, கவச வாகன ரெஜிமென்ட்களில்தான் மந்திர் பரேட் வாரச் சடங்காக ஆழமாக இருக்கும். சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இ.எம்.இ. (பழுதுபார்ப்பு), ஏ.எஸ்.சி. (வழங்கல்), ஆர்ட்னன்ஸ் (தளவாடம்) போன்றவற்றில் எல்லா மாநிலத்தாரும் எல்லா மதத்தாரும் கலந்திருப்பார்கள். சர்வ தர்ம ஸ்தலே அங்கே பெரும்பாலும் வழக்கம். காலாட்படைதான் வேண்டும் என்றால் 1949-ல் எல்லா வகுப்பினரையும் சேர்த்து உருவான கார்ட்ஸ் படை, பாராசூட் ரெஜிமென்ட், மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ஆகியவை உண்டு. என்ஜினியர்ஸ் என்றால் மட்டும் கொஞ்சம் விசாரியுங்கள். மதராஸ், பெங்கால், பாம்பே சாப்பர்ஸ் பிரிவுகளுக்குத் தனித்தனி ஆள்சேர்ப்பு மரபு இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. விருப்பம் கேட்பார்கள்; ஒதுக்குவது தரவரிசையும் காலியிடமும் பார்த்துத்தான். ஏ.எஸ்.சி.யோ ஆர்ட்னன்ஸோ கிடைத்தாலும், இளம் அதிகாரிகளைக் காலாட்படை பட்டாலியன் ஒன்றோடு இணைத்து எல்லைப் பகுதிக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அந்த இணைப்பு ஜாட் பட்டாலியனாகவும் இருக்கலாம், டோக்ராவாகவும் இருக்கலாம். ஆக, பட்டியல் அபாயத்தைக் குறைக்கும், நீக்காது.

பதவியேற்பு உறுதிமொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் சிக்கல் இல்லை. 'கடவுள் பெயரால்' என்றும் சொல்லலாம், 'மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்' என்றும் சொல்லலாம். எந்த மதநூலின் மீதும் கைவைக்க மனமில்லாதவருக்கு இரண்டாவது வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே உறுதிமொழியில், உயிருக்கு ஆபத்தானாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்ற வரியும் இருக்கிறது. அதை அவன் ஒருமுறை நிதானமாக வாசிக்கட்டும்.

யூனிட்டுக்குப் போன பிறகு

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொடி பிடிக்க வேண்டாம். வீரர்களோடு ஓடட்டும், லங்கரில் (வீரர்களின் உணவுக்கூடத்தில்) உட்கார்ந்து சாப்பிடட்டும், பண்டிகை ஏற்பாட்டு வேலைகளில் முன்னால் நிற்கட்டும். தன் ஆட்களின் மதத்தை மதிக்கிறான் என்று சுபேதார் சாஹிப் சொல்லும்படி இருந்தால், பிறகு வரும் சின்ன விலகல் பெரிதாகத் தெரியாது. ராணுவச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி இன்னொருவரின் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 7 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். அது அவனையும் காக்கும், அவன் வாயிலிருந்து 'விக்கிரகம்' என்ற சொல் மெஸ்ஸில் தவறி விழுந்தால் அவன் மீதும் பாயும். சபையில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் அங்கே வேறு எடையில் விழும்.

தன் மனதுக்குள் மூன்றைப் பிரித்துக்கொள்ளட்டும்: வளாகத்தில் நிற்பது, உள்ளே போவது, சடங்கைச் செய்வது. தட்டு ஏந்துவது, திலகம் இடுவது, விழுந்து கும்பிடுவது எல்லாம் மூன்றாவதில் சேரும். பல யூனிட்களில் இந்த மூன்றாவதை யாரும் வற்புறுத்துவதில்லை. கைகட்டி நிற்கும் அதிகாரியை வீரர்கள் பொருட்படுத்துவதும் இல்லை. சிக்கல் வரும் என்று தோன்றினால், அட்ஜுடன்ட் (நிர்வாக உதவி அதிகாரி) வழியாக கமாண்டிங் ஆபீசரிடம் (சி.ஓ.) நேர்காணல் கேட்டு, தனியாக, வாய்மொழியாக, 'எதற்கெல்லாம் வருவேன்' என்பதை முதலில் சொல்லி, 'எது கஷ்டம்' என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். பரேட் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்தால், விட்டுக்கொடுக்க நினைக்கும் சி.ஓ.வுக்கும் வழி அடைபட்டுப் போகும்.

நேரடிக் கட்டளை வந்துவிட்டால் சட்டப்படி பாதுகாப்பான வழி ஒன்றே: கீழ்ப்படிந்துவிட்டுப் பிறகு புகார் செய்வது. அதிகாரிகளுக்கு 27-வது பிரிவில் சட்டபூர்வ புகார் உரிமை இருக்கிறது. முதலில் சி.ஓ.விடம் முறையிட வேண்டும், பரிகாரம் கிடைக்காவிட்டால் மத்திய அரசுக்கு. புகார் செய்வது குற்றம் அல்ல. ஆனால் தெரிந்தே பொய்யாக ஒருவர் மீது பழி சுமத்தினாலோ முக்கிய உண்மையை மறைத்தாலோ 56-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. ஆகவே கோபத்தில் எழுதிய வரைவை அனுப்பவே கூடாது.

'கீழ்ப்படிந்துவிட்டு' என்ற சொல்லை நீங்கள் எப்படி வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்ற கட்டளையைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். சூளைக்குள் போன மூன்று வாலிபர்களைப் போதகர் சுட்டிக்காட்டுவார். அதே வேதாகமத்தில் இன்னொரு படைத்தளபதியும் இருக்கிறார்: தன் ராஜாவோடு ரிம்மோன் கோவிலுக்குள் போய்ப் பணியவேண்டியிருக்குமே என்று எலிசாவிடம் முறையிட்ட நாகமான். 'சமாதானத்தோடே போ' என்பதே எலிசாவின் பதில். இரண்டில் எது உங்கள் மகனுக்கு என்று சொல்ல என்னைப் போன்ற வழக்கறிஞருக்குத் தகுதியில்லை. போதகரிடம் இரண்டையும் வைத்துக் கேளுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

கமலேசன் மீது எடுத்தது போன்ற நடவடிக்கை 19-வது பிரிவும் ராணுவ விதிகள் 1954-ன் 14-வது விதியும் சேர்ந்து நடப்பது. விசாரணை நடத்துவது உசிதமல்ல, தொடர்ந்து வைத்திருப்பதும் விரும்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு வந்தால், பாதகமான அறிக்கைகளைக் கொடுத்து எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். வழக்கின் அஸ்திவாரமே இந்தப் பதில்தான். பலரும் இதில் வேத வசனங்களால் நான்கு பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். அது கட்டளை மீறலை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாக மாறும். எந்தத் தேதியில் எந்தப் பரேடுக்குப் போனான், எந்தப் பண்டிகையில் என்ன பொறுப்பு எடுத்தான், யார் எந்த வார்த்தையில் கட்டளையிட்டார், அவன் என்ன மாற்று சொன்னான் என்பவையே பதிலில் இருக்க வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு சொந்தக் குறிப்பேடு அவசியம். அலுவலக ஆணைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பவே கூடாது. அது தனிக் குற்றமாகிவிடும். போதகரிடம் சான்றுக் கடிதம் வாங்கும் யோசனையிலும் கவனம் தேவை. ஒரு போதகர் கூடாது என்று எழுதினால், கூடும் என்று எழுத இன்னொருவரை அவர்களும் கொண்டுவர முடியும். கமலேசன் வழக்கில் அந்த ஆயுதம் எந்தப் பக்கம் வெட்டியது என்று பார்த்தீர்கள்.

அடுத்த படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. துறைக்குள் இருக்கும் முறையீட்டு வழிகளை முதலில் முடித்திருக்க வேண்டும். முறையீட்டுக்கு 6 மாதம் பதிலே வராவிட்டால் வழி முடிந்ததாகக் கருதப்படும். இறுதி ஆணை வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். பணியிட மாற்றமும் விடுப்பும் தீர்ப்பாயத்தின் வரம்பில் இல்லை. எனவே பழிவாங்கலாகத் தூரத்து இடமாற்றம் வந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போகமுடியாது. தீர்ப்பாயத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் தடைபடவில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

அம்மா, உங்கள் நீண்ட கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. போதகர் என்ன சொன்னார், மாமன் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் என்ன சொல்கிறான்? இத்தனை மாதப் பயிற்சியில் சர்வ தர்ம ஸ்தல் பரேடுகளில் அவனும் நின்றிருப்பான். அப்போது என்ன செய்தான், மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். எந்த நிலையிலும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது என்பது அவனுடைய சொந்தத் தீர்மானம் என்றால், அதை யோசிக்கும் இடம் பரங்கிமலைதான், பஞ்சாப் எல்லை அல்ல. தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். சேரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இன ரெஜிமென்ட் முறையே இல்லாத விமானப்படையையோ கடற்படையையோ வயது வரம்பு தாண்டும் முன் முயலலாம். 'நிற்பேன், சடங்கு செய்யமாட்டேன்' என்பது அவன் நிலை என்றால், மேலே சொன்ன வழியில் அந்த வேலையைப் பார்க்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யும்போது பேசுங்கள். இந்தப் பதிலைப் போதகருக்கும் மாமனுக்கும் காட்டலாம். ஃபேஸ்புக்கில் மட்டும் மகன் பெயரோடு எதையும் போட்டுவிடாதீர்கள்.